கிராபிக்ஸ் கார்டும் ஒரு வாளி மணலும்

“பொருளின் உட்பகுதி முழுவதும் மணல் காணப்படுகிறது. ஆகவே உத்தரவாதம் செல்லாது. பொருள் உள்ளபடியே திருப்பி அனுப்பப்படுகிறது.”

ஒரு மதர்போர்டைப் பழுது பார்க்க அனுப்பியபோது எனக்கு வந்த பதில் இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கியிருக்கிறேன். தேதி அக்டோபர் ஏழு, வெள்ளிக்கிழமை. ஊரடங்குகள் ஓய்ந்த பிறகு வந்த இரண்டாவது காலண்டர் சீசன் அது. மணல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் யாரோ ஓர் ஊழியர் பேனாவால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தப் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. மனசு கேட்காமல் போட்டிருக்கிறார். அவருக்கு அப்போதே பதில் எழுதியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

எனக்கு எதையும் தேதி போட்டுக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டுக் குக்கருக்குப் புது வாஷர் மாட்டிய நாள்கூட என்னிடம் இருக்கிறது (கேட்டால் சொல்வேன், யாரும் கேட்பதில்லை). இப்படிப்பட்டவன் பல மாதம் படித்து, ஒப்பிட்டு, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து, முதன்முதலாகச் சேர்த்து மாட்டிய கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது சில நொடிகள்தான். அந்த நொடிகளில் நடந்தது என்ன என்பதில்தான் எங்கள் குடும்பம் இன்றுவரை இரண்டு கட்சியாக இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வீடு ஆமத்தூரில். வேலை சிவகாசியில், காலண்டர் அடிக்கும் ஒரு பிரஸ்ஸில் டிசைனர். மேலே சாமி படம், கீழே ஜவுளிக்கடைப் பெயர், ஓரத்தில் முதலாளியின் போட்டோ என்று அடுக்கிக் கொடுக்க வேண்டும். முதலாளிகள் எல்லோரும் தங்கள் போட்டோவைச் சாமியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கேட்பார்கள். ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் வெளியானால் அதன் பிறகு மார்கழி வரை தலை நிமிர முடியாது.

பிரஸ் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஊரடங்கில் ஆட்களை வீட்டிலிருந்து வேலை வாங்கியபோது அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. டீச் செலவு குறைகிறது. அதனால் அந்த சீசனுக்கு ஒரு டிசைனரை மட்டும் வீட்டிலேயே உட்கார வைப்பது என்று முடிவு செய்தார். அந்த இடத்துக்கு நானும் மதுரைக்காரர் ஒருவரும் போட்டி. என்னைக் கூப்பிட்டு அண்ணாச்சி சொன்னார்:

“தம்பி, சொந்தமா ஒரு நல்ல சிஸ்டம் வாங்கு. வர்ற பன்னெண்டாந்தேதி, திங்கக்கிழமை காலைல ஆபீஸ் தொறக்கும்போது ஒன் வீட்ல இருந்து மொத ஃபைல் எனக்கு வந்திருக்கணும். வந்துச்சுன்னா சீசன் முழுக்க வீட்லயே இரு. வரலைன்னா அந்த எடம் மதுரைக்காரருக்கு. நீ வழக்கம்போல பஸ் ஏறி வா.”

எனக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும். காரணம் கேம். பள்ளி நாட்களிலிருந்து கடைகளில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து விளையாடி, சுவாரசியமான கட்டத்தில் “டயம் முடிஞ்சுட்டு தம்பி” என்று எழுப்பப்பட்டவன் நான். சொந்தமாக ஒன்று வேண்டும் என்பது பத்து வருட ஏக்கம். பெரிய பெரிய படங்களைக் கையாளும் கம்ப்யூட்டரும் கேம் விளையாடும் கம்ப்யூட்டரும் ஏறக்குறைய ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பகலில் சாமி படம், பஸ்ஸில் கழியும் நேரத்தில் சண்டை. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரிந்திருக்கும்.

பாகங்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தேன். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். எந்த பிராசசர் எந்த மதர்போர்டோடு ஒத்துப்போகும், மெமரியை ஒற்றையாகப் போடுவதா ஜோடியாகப் போடுவதா என்று உலகத்தில் எவனெவனோ போட்ட சண்டைகளை எல்லாம் வாசித்தேன். பஸ்ஸில் வீடியோ பார்த்தேன். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் நீண்டால் மனசுக்குள் பிராசசரை மாற்றிப் பார்த்தேன். பட்ஜெட் என்று ஒன்று இருந்ததால், ஒரு பாகத்தை உயர்த்தினால் இன்னொன்றைத் தாழ்த்த வேண்டும். பத்தாத போர்வைதான். தலையை மூடினால் கால் தெரியும்.

கையில் நேரடியாக உதவி செய்தது ரூபி. விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. எங்கள் பிரஸ்ஸில் எது படுத்துக்கொண்டாலும் அவள்தான் வருவாள். அப்போதெல்லாம் என்னை சார் என்று அழைப்பாள்.

புது கிராபிக்ஸ் கார்டு எனக்கு எட்டாது என்றானதும் ரூபி ஒரு வழி சொன்னாள். அண்ணாச்சி பழைய டிசைனிங் கம்ப்யூட்டர் ஒன்றைக் கழித்துக் கட்டியிருந்தார். அதிலிருந்த கார்டு அவள் கடையில் இருந்தது.

“உழைச்ச கார்டுதான் சார். ஆனா சொத்தை கெடையாது. நானே கழட்டி, நல்லா ஊதிச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்,” என்றாள்.

‘ஊதிச் சுத்தம் பண்ணி’ என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரஸ்ஸைப் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். மெஷினில் அடித்து விழும் தாள்களில் மை ஈரமாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மாவு போல வெள்ளைப் பவுடர் ஒன்றை மெஷின் தூவிக்கொண்டே இருக்கும். அது தாளில் மட்டும் விழாது. ஜன்னலில், டீயில், கம்ப்யூட்டருக்குள், மூக்கில் எல்லாம் விழும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நான் தலையைத் தட்டினால் திருநீறு மாதிரி உதிரும். எங்கள் வீட்டில் திருநீறு வழக்கமில்லாததால் அம்மா அதைப் பொடுகு என்றே நம்பி இரண்டு வருடம் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்.

கார்டை வாங்கினேன். அடுத்து எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் கரண்டை மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. பார்க்க அழகே கிடையாது. ஓரமாக ஒளிந்திருக்கும்.

“எதுல வேணா மிச்சம் பிடிங்க சார். எஸ்எம்பிஎஸ்ல மட்டும் பிடிக்காதீக,” என்றாள் ரூபி.

நான் ஏற்கெனவே மனசைப் பறிகொடுத்திருந்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள், முகப்பில் மூன்று விசிறி என்று ஒரு கேபினட். அதை வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம். போதாததற்கு, ரூபி காட்டிய விலை உயர்ந்த எஸ்எம்பிஎஸ்ஸில் நானூற்று ஐம்பது வாட் என்றுதான் இருந்தது. இலவசத்தில் ஐநூறு. ஒப்பிடத் தெரிந்தவன் என்ற கர்வத்தில் அதைச் சுட்டிக்காட்டினேன்.

“இதுல ஐநூறுன்னு போட்டிருக்கே.”

“யாரு போட்டா?”

“கம்பெனிதான். ஸ்டிக்கர்ல இருக்கு பாருங்க.”

அவள் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “லேபிளும் ஸ்டிக்கரும் அடிக்கிற ஊர்ல வேலை பாக்குறீக. நீங்களே ஸ்டிக்கர நம்புனா நாங்க எங்கன போக?”

கடையில் இருந்த இன்னொருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இலவசத்தை எடுத்துக்கொண்டேன்.

இனி வீடு. எங்கள் வீட்டில் தீயைப் பற்றி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தொழில்முறைக் கருத்து உண்டு. அப்பா, நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அம்மா, அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு நர்ஸ். தீ வராமல் பார்த்துக்கொள்பவர் அப்பா. வந்த பிறகு பார்த்துக்கொள்பவர் அம்மா. அப்பாவின் ஷெட்டில் இதுவரை ஒருவர் விரல்கூடச் சுட்டதில்லை. அதைப் பற்றி அவர் பெருமை பேச மாட்டார். பேசினால் கண்பட்டுவிடும் என்ற பயம் (எங்கள் சர்ச் உபதேசியாரிடம் இதைச் சொல்லிவிடக் கூடாது).

சனிக்கிழமை எல்லாப் பாகங்களும் வந்து சேர்ந்தன. அட்டைப் பெட்டிகளைச் சுற்றி வந்த அப்பா, எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் பார்த்து, “கனமே இல்லையே” என்றார். பிறகு, எங்கே வைத்துச் செய்யப் போகிறேன் என்று கேட்டார். என் அறையில் என்றேன். “நாளைக்கு ஆராதனை முடிஞ்சு வந்து, நான் இருக்கும்போது செய்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு செம்புத் தகடு இருந்தது.

பட்டாசுக் கம்பெனியில் அறைக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதன் வழியாகத் தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும். அதே மின்சாரம் கம்ப்யூட்டர் பாகங்களுக்கும் ஆகாது என்று நானும் படித்திருந்தேன். அப்பா என் அறை வாசலில் தகடு அடித்து, கம்பி இழுத்து, தோட்டத்து ஈர மண்ணில் புதைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் அவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறோம்.

அங்கேதான் வினை. ஒரு விதியைப் பாராட்டி ஏற்றுக்கொண்டவன், அடுத்த விதிகளை எந்த முகத்தோடு மறுப்பது?

நைலான் டிராக் பேண்ட் கூடாது, பருத்தி வேட்டிதான். செருப்பு கூடாது. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்க வேண்டும். வேலை நடக்கும்போது எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது. அப்பா அதை அறைக் கதவோடு நிறுத்தாமல் கேபினட்டுக்கும் நீட்டினார். கண்ணாடிக் கதவு கழற்றி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டது. செல்போன் உள்ளே வரவே கூடாது. எல்லோருடைய போனும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு காம்பவுண்டு சுவர் மேல் வைக்கப்பட்டது. நான் பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்திருந்த வீடியோ அந்த டின்னுக்குள் போயிற்று. நடந்ததைப் படமெடுக்க ஒரு போன்கூட இல்லாமல் போனதும் அதனால்தான்.

கடைசியாக மணல் வாளி வந்தது. சிவப்புப் பெயிண்ட் அடித்த அந்த வாளி எங்கள் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இருப்பது. மற்ற வீடுகளில் வாரம் ஒருமுறை பைக்கைத் துடைப்பார்கள். அப்பா மணலைச் சலிப்பார். கட்டியும் கல்லும் இல்லாமல், கவிழ்த்தால் தண்ணீர் மாதிரி விழ வேண்டும். பத்து மணி வெயிலில் காயவைத்து எடுப்பார். அந்த மணலின் தரத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

செப்டம்பர் பதினொன்று, ஞாயிறு. ஆராதனை முடிந்து வீடு வந்தோம். ரூபி தன் லீவு நாளில், மாட்டிக் கொடுப்பதற்காக விருதுநகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். அதே நேரத்தில் உபதேசியாரும் வந்தார். எங்கள் வீட்டில் பைக் வாங்கினாலும் போர் போட்டாலும் முதலில் ஜெபம். கம்ப்யூட்டருக்கும் உண்டு என்று அம்மா அவரை அழைத்திருந்தார்.

எல்லோரும் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனோம். அப்பா வாசலில் நின்று எண்ணினார்.

“அஞ்சு பேரு ஆயிட்டு. ஒரு ஆளு வெளிய போகணும்.”

“அப்பா, இது வீடு,” என்றேன்.

“வேலை நடக்குற அறைல நாலு பேருக்கு மேல கூடாதுலே. ஷெட்டா இருந்தா என்ன, வீடா இருந்தா என்ன.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஜெபம் பண்ண வந்தவரை வெளியே நிறுத்த முடியாது. அம்மா முதலுதவிக்கு. அப்பா மேற்பார்வைக்கு. கம்ப்யூட்டர் என்னுடையது. மிச்சம் இருந்தது, கம்ப்யூட்டர் மாட்டத் தெரிந்த ஒரே ஆள்.

“நான் வெளிய நிக்கிறேன் அங்கிள்,” என்றாள் ரூபி. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கான பலனை இன்றுவரை அனுபவித்துவருகிறேன்.

அவள் போய் ஜன்னலுக்கு வெளியே, முருங்கை மரத்தடியில் நின்றாள். ஜன்னலில் ஈரச் சாக்கு. அவளுக்கு நான் தெரியாது, எனக்கு அவள் தெரியாது. சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும். பிராசசரின் ஓரத்தில் சின்ன முக்கோணம் இருக்கிறதா, மெமரி ‘டக்’கென்று சத்தம் போட்டு உட்கார்ந்ததா, எஸ்எம்பிஎஸ் வயரில் எட்டு முனை இருப்பது எங்கே என்று அவள் கேட்க, நான் பதில் சொல்ல, நடுநடுவே உபதேசியாரும் குனிந்து பார்த்து “எட்டு இருக்கும்மா” என்று சாட்சி சொன்னார். அப்பா வாளியின் கைப்பிடியை விடவில்லை. அம்மா இடையில் ஒருமுறை போய்க் குழம்பை இறக்கிவிட்டு வந்தார். அந்தச் சில நிமிடம் அறையில் மூன்று பேர்தானே, ரூபி உள்ளே வரலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. விதி அப்படி ஆளை மயக்கிவிடும்.

கறிக்குழம்பு ஆறிப்போன நேரத்தில் எல்லாம் மாட்டி முடிந்தது. மானிட்டரை இணைத்தேன். உபதேசியார் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். இந்தக் கருவியை ஆசீர்வதிக்கக் கேட்டார். இதில் பிழைக்கப் போகும் டேனியை, அதாவது என்னை, காக்கக் கேட்டார். இந்த தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை செய்கிற எல்லாப் பிள்ளைகளையும் தீக்கு விலக்கிக் காக்கக் கேட்டார். ஆமென் சொன்னதும் ஸ்விட்சைப் போடுவது என்று ஏற்பாடு. அவர் நிறுத்தினார். நான் அழுத்தினேன். ஆனால் அது அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய இடம்.

கேபினட்டின் விளக்குகள் பல நிறம் காட்டக்கூடியவை. அவை முதலில் காட்டும் நிறம் சிவப்பு என்பது எனக்குத் தெரியாது. கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் முதல் தடவை உயிர் பெறும்போது முழு வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும் என்பது தெரியும், ஆனால் அப்பாவிடம் சொல்லவில்லை. பெட்டிக்குள் செக்கச்செவேல் என்று வெளிச்சம் பரவியது. ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் எழும்பி உயர்ந்தது. பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று குபுக்கென்று கிளம்பியது.

சிவப்பு, உஸ், வெள்ளை. முப்பது வருடம் போர்மேனாக இருந்தவருக்கு இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அர்த்தம் ஒன்றுதான்.

அப்பா கத்தவில்லை. ‘தள்ளு’ என்று ஒரு சொல். என் தோளை ஒரு கை தள்ளியது. இன்னொரு கையில் வாளி சாய்ந்தது. திறந்து கிடந்த பக்கத்தின் வழியாக, சலித்துக் காயவைத்த மணல் ஒரு மணிகூடச் சிந்தாமல், மேலிருந்து கீழாகச் சீராக இறங்கியது. பிறகு யோசித்துப் பார்த்தால், என்ன ஒரு கைத்திறன். விசிறிகள் இன்னும் சுழன்றுகொண்டிருந்தன. மேலிருந்து வந்த மணலை அவை பொறுப்பாக வாங்கி, எட்டாத மூலைகளுக்கெல்லாம் பங்கிட்டன. கரகரவென்று காபிக்கொட்டை அரைக்கும் சத்தம். அம்மா பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் நின்றது.

அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். “கண்ணைத் தொற. எரியுதா? சட்டையத் தூக்கு.” ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் மூச்சு விட்டது கேட்டது.

உபதேசியார், “ஆமென்,” என்று சொல்லிக் கண்ணைத் திறந்தார்.

ஜன்னலுக்கு வெளியே இருந்து ரூபி கேட்டாள்: “சார், ஆன் ஆயிருச்சா?”

கேபினட்டின் அடியிலிருந்து என் கால் பெருவிரல் மேல் மணல் வழிந்துகொண்டிருந்தது.

“அப்பா, அது ஃபேனுப்பா. எல்லாம் சரியாத்தான் ஓடுச்சு. மானிட்டர்ல எழுத்து வந்துச்சு.”

“பொகைலே.”

“பவுடர்ப்பா. எங்க பிரஸ் பவுடரு. கார்டுக்குள்ள இருந்தது பறந்துச்சு.”

“முப்பது வருசமா பொகையப் பாக்குறவன்கிட்ட பேசுற.”

“நாலு வருசமா அந்தப் பவுடரத் தின்னுக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

இந்த உரையாடல் கிட்டத்தட்ட இதே சொற்களில் இன்றும் நடைபெறுகிறது.

உபதேசியார் சாப்பிட உட்கார்ந்ததும் அறையில் ஓர் இடம் காலியாகி, ரூபி உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மாவிடம் ஒரு தாம்பாளம் கேட்டாள். மதர்போர்டைக் கழற்றித் தாம்பாளத்தின் மேல் கவிழ்த்துத் தட்டினாள். மணல் வந்தது. தட்டத் தட்ட வந்தது. பெயிண்ட் பிரஷ், சைக்கிள் பம்ப் எல்லாம் போட்டுப் பார்த்தோம். நான் பல மாதம் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்த பாகங்கள் வரிசையாகத் தாம்பாளங்களில், சடங்கு வீட்டுச் சீர்வரிசை மாதிரி உட்கார்ந்திருந்தன. சாயங்காலம் மறுபடி மாட்டி, ரூபி கையோடு கொண்டுவந்திருந்த ஸ்விட்ச் போர்டு வழியாகக் கரண்ட் கொடுத்தபோது ஒரு விளக்கும் எரியவில்லை. அப்பா அதையும் பார்த்துக்கொண்டு நின்றார், வாளியை மறுபடி நிரப்பி.

அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஃபைல் போகாது. அந்த இடம் போயிற்று. இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க அடுத்த போனஸ் வரை வழியில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு இறங்கவில்லை. அப்பா காதில் விழட்டும் என்றே, எரியாத பொருளை அணைத்த குடும்பம் நம் குடும்பம்தான் என்று முணுமுணுத்தேன். அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மாதான் சொன்னார்:

“டேனி, எங்க வார்டுல படுத்திருக்கிறவங்க நெறைய பேரு ஒண்ணேதான் சொல்லுவாக. பொகை மாதிரி இருந்துச்சு, என்னன்னு பாக்கலாம்னு நின்னோம்னு. ஒங்கப்பா நின்னு பாக்கல. நீ கறியத் தின்னு.”

தின்றேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். அண்ணாச்சி முதலில் நம்பவில்லை. பிறகு கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு, “மறுபடி சொல்லு தம்பி,” என்று இன்னொருமுறை சொல்ல வைத்தார். மணலைப் போட்டது யார், எந்தக் கம்பெனியில் போர்மேன் என்று விசாரித்துவிட்டு, “நல்ல போர்மேன்,” என்றார். பிறகு மதுரைக்காரருக்குப் போன் போட்டார். அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். அவருடைய காலி நாற்காலி எனக்கு வந்தது. அது மெஷினுக்குப் பக்கத்தில், பவுடர் நேராகத் தலையில் விழும் இடம்.

என்னைப் போன்றவன் இத்தோடு விட மாட்டான். விசாரணையைத் தொடங்கினேன். புகை என்றால் குற்றவாளி இலவச எஸ்எம்பிஎஸ், அதாவது நான். அப்பா வீட்டைக் காப்பாற்றியவர். பவுடர் என்றால் குற்றவாளி கார்டைச் சரியாக ஊதாத ரூபி, அப்பா நல்ல கம்ப்யூட்டரை மணல் போட்டுக் கொன்றவர்.

சாட்சிகளை விசாரித்தேன். உபதேசியார் கண்ணை மூடியிருந்தார். அம்மா வெள்ளையாக வந்ததைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார் (முப்பது வருடப் பழக்கம், அவர் முகம் மாறுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பாராம்). நான் மானிட்டரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்ததால் நம்பத்தக்க சாட்சி இல்லை என்று அப்பா தள்ளுபடி செய்துவிட்டார். அப்பா பிரதிவாதி. போன்கள் பிஸ்கட் டின்னில். மதர்போர்டைச் சோதித்தவர்களாவது கருகியதா இல்லையா என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் மணலைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு கேள்விக்குறி போட்டார்கள்.

ரூபி மட்டும் தயங்காமல், “கருகுன வாடை வந்துச்சு,” என்றாள். ஈரச் சாக்குக்கு அந்தப் பக்கம், முருங்கை மரத்தடியில் நின்றவள். அப்பா அதைக் கேட்ட விதத்தை நான் மறக்க முடியாது. அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தால் அவரே எழுந்து நாற்காலி போடுவார். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து, உள்ளே கறுப்பாக ஒரு திட்டைக் காட்டி, “பாருங்க, எரிஞ்ச தடம்,” என்றாள் அவள். மலிவான பெட்டிகளில் தயாரிக்கும்போதே ஊற்றும் பசை நாளானால் அப்படித்தான் இருக்கும் என்று நான் படித்ததைச் சொன்னேன். “படிச்சதுலதான் ஐநூறு வாட்டும் இருந்துச்சு,” என்றாள்.

என் பக்கத்துக்கும் ஒரு சான்று கிடைத்தது. அந்தப் பவுடர் மாவுப்பொருளால் ஆனது. அயோடின் பட்டால் மாவு நீலமாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். கேபினட்டின் மேல் வலையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, அம்மாவிடம் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை வாங்கி ஒரு சொட்டு விட்டேன். கருநீலம். மருந்து பொய் சொல்லாது என்று அம்மா அன்றே என் கட்சிக்கு வந்துவிட்டார். வெற்றியோடு தட்டை அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “சரி, பவுடரும் வந்திருக்கு. அதுக்காகப் பொகை வரலைன்னு ஆயிருமா?”

நான் தட்டைக் கழுவப் போனேன்.

அடுத்த வருடம் எனக்கும் ரூபிக்கும் கல்யாணம் நடந்தது. பேச்சை முதலில் எடுத்தது அப்பா. எங்கள் இருவருக்கும் ஏற்கெனவே ஓர் எண்ணம் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தன் தரப்புச் சாட்சி வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விடக் கூடாது என்று பார்த்தார் என்பது என் கணிப்பு. மண்டபத்தில் அண்ணாச்சி மேடையேறிப் பரிசைக் கொடுத்தார். சிவப்பு வாளி, ரிப்பன் கட்டியது. உள்ளே மணல் இருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “சலிக்கல,” என்றார்.

இரண்டாவது கம்ப்யூட்டரை ரூபி தேர்ந்தெடுத்து ரூபியே மாட்டினாள். எஸ்எம்பிஎஸ் கனமாக இருக்கிறது. அண்ணாச்சியின் பழைய கார்டுதான் அதிலும் ஓடுகிறது, எப்போதாவது ஒரு மணல் துளியை விசிறியில் உரசிக்கொண்டு. நான் விளையாட உட்காரும் நேரம் பார்த்து வீட்டில் யாராவது விருந்தாளி வந்துவிட்டால், ரூபி வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மாமனாரிடம் கேட்பாள்: “மாமா, ஆளு கூடிட்டோ? நான் வெளிய நிக்கட்டுமா?” இதற்குச் சிரிக்காதவர் எங்கள் சொந்தத்தில் நான் ஒருவன்தான்.

போன ஞாயிறு புது வாஷிங் மெஷினை முதன்முதலாக ஓட விட்டோம். உபதேசியார் ஊரில் இல்லாததால் அம்மாவே ஜெபித்தார். ஸ்விட்சைப் போடும் முன் அப்பா வழக்கம்போல் எண்ணினார். அம்மா, நான், ரூபி, அவர், ரூபியின் இடுப்பில் எங்கள் ஒன்றரை வயது மகள். ஐந்து. அப்பா பேத்தியின் விரலைப் பிடித்துச் அந்த வாசலிலும் அடித்திருந்த செம்புத் தகட்டைத் தொட வைத்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே போய் நின்றார்.

மெஷின் நன்றாகவே ஓடியது. என் முதல் கம்ப்யூட்டரிலிருந்து அன்று கிளம்பியது புகையா பவுடரா என்பது மட்டும் இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.